மூன்று துண்டாகத் தெரிந்த அக்கா

அறுபத்து மூன்றாம் வயதில் நான் காமிரா வாங்கினேன். வேண்டாம் என்று தடுக்க வீட்டில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர், மிஷன் உபதேசியார், கல்லறைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை எங்களுக்குக் கிடையாது. கொழும்பில் என் வயசுக்காரிகள் கையில் நாலு காசு சேர்ந்தால் காப்பு வாங்குவார்கள். நான் இதை வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

விற்றவர் மீரான் அண்ணாச்சி. மேலப்பாளையத்துக்காரர். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பத்தமடையில் பாய் எடுத்து வந்து கொழும்பில் விற்பார். பழைய சாமானும் வாங்கி விற்பார். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சண்டைக்குப் போகும்போது விட்டுப்போன சாமானில் இந்தக் காமிராவும் இருந்தது. மூடினால் வேதப் புஸ்தகம் அளவு. மூடியைத் திறந்து இழுத்தால் கறுப்புத் தோல் துருத்தி வெளியே வரும்.

அதைப் பார்க்கத்தான் கடைக்குப் போனேன் என்று நினைக்க வேண்டாம். தலையணை உறை வாங்கப் போனேன். அங்கே அண்ணாச்சி சொன்ன செய்தி என்னைப் பெஞ்சியில் உட்கார வைத்தது.

"ஒங்க அக்கா படுக்கையில விழுந்து ரெண்டு மாசமாச்சாம். படுக்கைக்கு மெதுவான பாய் வேணும்னு பத்தமடைக்கு ஆள் விட்டிருந்தாக. நான் அங்கனதான் நின்னேன். போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

"பார்க்க விட மாட்டாங்க அண்ணாச்சி. நான் செத்துப் போனவ."

இதை விளங்கச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சைவப் பிள்ளைமார். பதினாலு வயதில் தாலி அறுத்தேன். மிஷன் வெள்ளைக்காரம்மா கொல்லைப்புறமாக வந்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பதினேழு வயதில் பாளையங்கோட்டைக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர்ந்தேன். ஓடிப் போகவில்லை. பட்டப்பகலில், தெரு பார்க்க நடந்து போனேன். என் அப்பா வைக்கோலில் ஒரு பொம்பளை செய்து, பாடை கட்டி, ஆற்றங்கரையில் எரித்து, தலை முழுகி, பதினாறாம் நாள் காரியமும் செய்து முடித்தார். அன்றையிலிருந்து அந்த வீட்டுக்கு நான் செத்தவள். செத்தவளோடு யாரும் பேச மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். பிறகு எனக்கு உபதேசியாரோடு கலியாணம் ஆகி, அவர் வேலைக்காக இலங்கைக்கு வந்தோம். என் அம்மை போன செய்தி எனக்கு மூன்று மாசம் கழித்து வந்தது. இப்போது கண்ணை மூடினால் அவள் முகம் வருவதில்லை. புடவைக் கரை வருகிறது, கை வருகிறது, முகம் வருவதில்லை. அக்கா அம்மையை உரித்து வைத்தவள். அக்காவும் போய்விட்டால் அந்த முகம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டேன்.

மற்றக் காமிராக்களில் ஆள் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறான் என்று நாமே குத்துமதிப்பாகப் பார்த்து வைக்க வேண்டும். தப்பினால் படம் கலங்கிப் போகும். இதில் அந்தத் தூரத்தைக் காமிராவே சொல்லும். கண்ணாடிக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் பார்த்தால் எதிரே நிற்கிற ஆள் மூன்று துண்டாகத் தெரிவான். தலை ஒன்று, கால் ஒன்று, நடுத்துண்டு மட்டும் விலகிப் போய்த் தனியே நிற்கும். சக்கரத்தைத் திருகத் திருக நடுத்துண்டு நகர்ந்து வந்து உடம்போடு சேரும். சேர்ந்த இடத்தில் தூரம் சரி.

மீரான் அண்ணாச்சியை வாசலில் நிறுத்திப் பார்த்தேன். அவர் நெஞ்சும் தாடியும் உடம்பை விட்டுவிட்டு அடுத்த கடைப் பக்கம் போய் நின்றன. 

"என்னம்மா, முழுசா இருக்கேனா?"

"இருங்க அண்ணாச்சி, சேர்த்துக்கிட்டிருக்கேன்."

"சீக்கிரம் சேருங்க. கடையில ஆள் நிக்குது."

பிலிம் சுருள் ஒன்றுதான் கிடைத்தது. சண்டையினால் கப்பலில் வேறு வரவில்லை. ஒரு சுருளுக்கு ஆறு படம். அண்ணாச்சியை ஒன்று, எங்கள் சபைக் கோயில் கேட்டை ஒன்று எடுத்துப் பழகினேன். மீதி நாலு. ஆடி மாசம் புறப்பட்டேன்.

கடலைப் பற்றி எழுதப் போவதில்லை. குடலைப் புரட்டிக் கடலுக்கு நான் கொடுத்ததைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கரையேறிய அன்று ராத்திரி பாளையங்கோட்டையில் எங்கள் சபையைச் சேர்ந்த டீச்சரம்மா வீட்டில் தங்கினேன். சொதி வைத்திருந்தாள். கொழும்பில் சொதி என்றால் மஞ்சள் கலந்த பால் தண்ணி. இடியாப்பத்தின் மேல் ஊற்றிவிட்டு மறந்துவிடுவார்கள். இங்கே தேங்காயை மூன்று தரம் பிழிந்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு. நாற்பது வருஷமாக என் நாக்கை ஏமாற்றி வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

"நாளைக்கு ஆடி அமாவாசைக்கா. வீட்டுக்கு வீடு செத்தவுகளுக்குப் படைப்பாக. அங்க எதையும் வாயில வச்சிராதிய. பாதிரி ஐயருக்குத் தெரிஞ்சா கோயில் ராப்போசனத்துல சேக்க மாட்டாரு" என்றாள் டீச்சரம்மா.

"நான் சாப்பிடப் போகல. படம் எடுக்கப் போறேன்" என்றேன்.

மறுநாள் ரயிலில் நிற்க இடம் இல்லை. பாபநாசத்துக்கு முழுகப் போகிற கூட்டம். எள்ளும் தர்ப்பையும் வாழைக்காயும் மூட்டை மூட்டையாக. என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்து எதிர்ப் பெஞ்சிக்காரர், "ஆர்மோனியமா?" என்றார். அவர் சம்சாரம், "இம்புட்டுக் குட்டி ஆர்மோனியம் எங்கன இருக்கு? வெத்தலைப் பெட்டியா இருக்கும்" என்றாள். காமிரா என்றேன். அவர்கள் மடியில் இருந்த குழந்தையின் முகத்தை அந்த அம்மாள் முந்தானையால் மூடினாள். பிறகு எனக்கு ஒரு முறுக்கும் கொடுத்தாள். கொழும்பு ரயிலில் யாரும் யாருக்கும் முறுக்குக் கொடுத்து நான் பார்த்தது கிடையாது.

சேரன்மகாதேவியில் இறங்கினேன். வண்டிகள் எல்லாம் மேற்கே போய்விட்டன. கடைசியில் சுடலைமுத்து என்று ஒரு ஆள் ஒற்றை மாட்டு வண்டியோடு கிடைத்தான். நாற்பது வயசு இருக்கும். நல்ல பேச்சுக்காரன். கார் நெல் கதிர் வாங்கி நின்றது, மலைப் பக்கமிருந்து சாரல் காற்று. அவனும் மாட்டைப் பற்றி, மாமியாரைப் பற்றி, மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"எந்த வீட்டுக்கும்மா போகணும்?"

"மேலத்தெரு முற்றத்து வீடு."

"அங்க நீங்க ஆரு?"

"சின்ன மக."

மாட்டின் வாலைப் பிடித்திருந்த கையை எடுத்தான். "சின்ன மக செத்துல்லா போனாக. எங்க ஐயா பாடை தூக்குனாரே."

"ஆமா. அவதான்."

 கொஞ்ச தூரம் போனதும் வண்டியிலிருந்து பைய இறங்கி மாட்டுக்குப் பக்கத்திலே நடந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் கனைத்தால் மாடு காதை ஆட்டியது, அவன் ஆட்டவில்லை.

வாய்க்கால் பாலம் தாண்டி ஆற்றங்கரைப் பாதையில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடையாணி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. சக்கரம் அச்சிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. ஒரு விரல் நீள இரும்புதான், அது இல்லாமல் வண்டி நகராது. சுடலைமுத்து வந்த வழியே தேடிக்கொண்டு போனான். மாட்டை அவிழ்த்துக் கையோடு கூட்டிக்கொண்டு போனான். மாட்டை என்னோடு விட அவனுக்கு மனசில்லை.

புளிய மரத்தடியில் உட்கார்ந்தேன். வெயில் நல்ல வெயில், ஆனால் நிழல் குளிர்ந்தது. எதிரே மணலில் கறுத்த திட்டுகள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சுடுகாடு என்று தெரிந்தது. ஒரு கிழவர் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"குடி தாயி. எந்த ஊரு?"

"இந்த ஊருதான். மேலத்தெரு முற்றத்து வீட்டுச் சின்ன மக."

அவர் பயப்படவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார், பழைய பாத்திரத்தை அடையாளம் பார்க்கிற மாதிரி.

"ஒங்கள நாந்தான் எரிச்சேன்" என்றார்.

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"அப்போ எனக்கு இருபது வயசு. வைக்கோல்ல செஞ்சு வெள்ளச் சீல சுத்திக் கொண்டாந்தாக. பாரமே இல்ல. ஒருத்தர் தூக்கலாம், மொறைக்காக நாலு பேர் தூக்குனாக. பொசுக்குனு பத்திக்கிட்டிய. நான் எரிச்சதுல ஒங்களப்போல வெரசா எரிஞ்சவுக கெடையாது." பிறகு, கூச்சத்தோடு கேட்டார்: "சூடு தெரிஞ்சுதா தாயி, அங்கன?"

 பாளையங்கோட்டைக்கு வந்து பத்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு நெருப்பாகக் கொதித்து, ஈரத் துணி போடப் போட ஆவி பறந்தது என்று வெள்ளைக்காரம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று உபதேசியார் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். என்னை எரித்தது எந்த நாள் என்று அந்தக் கிழவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெட்டி என்ன என்று கேட்டார். சொன்னேன். "அப்போ என்னையப் பிடிங்க. ஒங்கள எரிச்சவன் மொகம் ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்று மணலில் போய் விறைப்பாக நின்றார். ஜன்னலுக்குள் பார்த்தேன். மூன்று துண்டாக வந்தார். திருகினேன். பன்னிரண்டு அடியில் சேர்ந்தார். மீதி மூன்று படம்.

கடையாணி கிடைத்தது. ஆனால் சுடலைமுத்து தெருமுனையோடு நிறுத்திவிட்டான். கூலியைக் கையில் வாங்காமல் வண்டித் தட்டில் வைக்கச் சொன்னான்.

தெருவில் ஒவ்வொரு வீட்டு ஓட்டின் மேலும் காக்காய். மத்தியானம் படையல் முடிந்து சோறு வைக்கிற நேரம். எல்லா வீட்டிலும் கூப்பிடுகிற சத்தம். எங்கள் வீட்டு வாசலில் முப்பது வயசுப் பெண் ஒருத்தி சோற்று உருண்டையைப் படியில் வைத்துவிட்டு, தொண்டை கட்டுகிற மட்டும் கா கா என்று கத்திக்கொண்டிருந்தாள். கூரையில் ஏழெட்டுக் காக்காய் இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. ஒன்றும் கத்தவுமில்லை. நான் படியருகே வந்ததும் எல்லாம் என் பக்கம் தலையைச் சாய்த்தன.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து, வீட்டோடு மாப்பிள்ளை எடுத்திருந்த என் அக்காவின் மகன் வந்தான். அவன் பிறந்ததே நான் போன பிறகு. ஆனால் எங்கள் அப்பாவின் மூக்கு.

"ஆரு?"

"பார்வதி. உன் சித்தி."

"எங்க சித்தி செத்து நாப்பத்தாறு வருசமாச்சு."

"எனக்கும் தெரியும்லே. வழியில எரிச்சவரையே பார்த்துட்டுத்தான் வாரேன்."

கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறித்துக்கொண்டான். பேர் சங்கரன். நல்ல பிள்ளைதான், பயந்த பிள்ளை. தாத்தா செய்த சத்தியத்தைத் தான் உடைத்தால் வீட்டில் எது நடந்தாலும் தன் தலையில் விழும் என்ற பயம். உள்ளே தாய் வேறு படுக்கையில். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பவும் மாட்டேன். நின்றேன்.

சோறு வைத்த பெண் அவன் சம்சாரம் கோமதி. அவள் காக்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, காக்கா ஏன் எறங்கலைன்னு இப்பல்லா தெரியுது. ஆளே வந்திருக்காக."

"ஏட்டி, இவ வேதக்காரி."

"வேதக்காரியோ என்னமோ. நாலாவது எலை ஆருக்குப் போட்டிருக்கு? தாத்தாவுக்கு, ஆச்சிக்கு, ஒங்க அப்பாவுக்கு. நாலாவது?"

"அது அம்மா போடச் சொல்லுதா, போடுதோம்."

"வருசா வருசம் வாங்க வாங்கன்னு கும்பிட்டுப் போட்டுட்டு, வந்தவுகள வாசல்ல நிறுத்துவியளா? அமாவாசை அன்னைக்கு?"

 எனக்கே அப்போதுதான் தெரியும், நாற்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் எனக்கு இலை விழுந்து வருகிறது என்று. சங்கரன் நிலைக்கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கதவிடம் சொல்கிற மாதிரிச் சொன்னான்: "செத்தவுக வந்தா வரலாம். நாங்க பேச மாட்டோம், பாக்க மாட்டோம். வெளக்கு வைக்கதுக்கு முன்ன போயிரணும்."

அப்படித்தான் நான் பிறந்த வீட்டுக்குள் போனேன்.

குத்துவிளக்கு முன்னால் நாலு இலை. மூன்று இலைக்கு முன்னால் ஆள் இல்லை. நாலாவதின் முன்னால் நான். வாழைக்காய்ப் பொரியல், அவியல், பயத்தம்பருப்பு, வடை, பாயசம், ஓரத்தில் பெரிய அதிரசம். வெங்காயம் கிடையாது. ஆவி இன்னும் பறந்தது. அவர்கள் இரண்டு பேரும் என்னைச் சுற்றி நடந்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், எள்ளின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். கோமதியின் சேலை என் தோளில் உரசியது. அவள் விலகவில்லை. அங்கே ஒன்றும் இல்லாதது மாதிரியே போனாள். நான் என் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். நிழல் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

சாப்பிடாவிட்டால் நான் உயிரோடு வந்த விருந்தாளி. வெளியே போக வேண்டும். சாப்பிட்டால் செத்தவள், இருக்கலாம். அக்கா உள்ளறையில் இருமுகிற சத்தம் கேட்டது. டீச்சரம்மா சொன்னது மறக்கவில்லை. கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். பிறகு சாப்பிட்டேன். சபையார் இதைப் படித்துவிட்டு என்னை என்ன செய்கிறார்களோ செய்யட்டும். வாழைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது. அதிரசத்தை மட்டும் இலை ஓரத்துக்குத் தள்ளினேன்.

"ஏங்க, அதிரசத்த ஒதுக்கிட்டாக" என்றாள் கோமதி.

"பாக்காதன்னு சொன்னேம்லா."

"பாக்கல. ஒதுக்குன சத்தம் கேட்டுச்சு."

உள்ளறையிலிருந்து, "என்னத்தை ஒதுக்குனது? ஆரு?" என்று ஒரு குரல். நூல் மாதிரி மெலிந்த குரல்.

"நாலாவது எலை அத்தை. அதிரசம்."

கட்டிலில் அக்கா புரண்ட சத்தம் கேட்டது. "அவளுக்கு அதிரசம்னா உசிராச்சே."

எனக்குப் பொறுக்கவில்லை. பேசக் கூடாது என்பது தெரியும். பக்கத்திலிருந்த மரத்தூணைப் பார்த்துச் சொன்னேன்: "தூணே, கேட்டுக்கோ. அதிரசம் அக்காவுக்குத்தான் உசிரு. எனக்கு அன்னைக்கும் பிடிக்காது, இன்னைக்கும் பிடிக்காது. எனக்கு வைக்கதை எல்லாம் அவதான் எடுத்துத் திம்பா. கேட்டா நான் தின்னேன்னு அம்மைகிட்ட சொல்லுவா."

உள்ளே ஒரு சத்தம். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

"கோமதி, இங்கன ஒரே புழுக்கமா இருக்கு. கட்டிலத் தூக்கி முற்றத்துல போடு."

சங்கரனும் கோமதியும் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். புதுப் பத்தமடைப் பாய் மேல் வெள்ளைச் சேலையில் ஒரு எலும்புக் கட்டு. தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். முகம் சுவர்ப் பக்கம்.

உரல் மேல் காமிராவை வைத்தேன். கை நடுங்கினால் படம் கலங்கும். மேலே திறந்த வானம், வெளிச்சம் போதும். ஜன்னலில் கண்ணை வைத்தேன். அக்கா மூன்று துண்டாக இருந்தாள். வெள்ளைத் தலை கட்டிலில் இருந்தது, கால் கட்டிலில் இருந்தது, நடு உடம்பு மட்டும் தூணுக்கு அப்பால் தனியே உட்கார்ந்திருந்தது. திருகினேன். பதினைந்து அடியில் சேர்ந்தாள். அழுத்தினேன். சுவரைப் பார்த்தபடி முதுகுதான் விழுந்திருக்கும்.

சாவியைத் திருகிச் சுருளை நகர்த்தினேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டதோ என்னவோ, தலையைத் திருப்பினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்பினாள். செத்தவளைப் பார்க்கக் கூடாதே. இங்கே பாருக்கா என்று நான் சொல்லவும் கூடாது. எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியாது. கண்ணை மூடிய முகத்தையே எடுத்தேன். பிணத்தைப் பிடித்த மாதிரி மனசு கெட்டுப் போயிற்று.

மீதி ஒன்று.

மறுபடி கண்ணை வைத்தேன். துண்டுகள் விலகியிருந்தன. திருகினேன், சேர்ந்தன. அழுத்தக் கையைக் கொண்டு போவதற்குள் விலகிவிட்டன. திரும்பத் திருகினேன். சேர்ந்து, விலகியது. பன்னிரண்டு அடி என்றது சக்கரம். கட்டில் நகரவில்லை, உரல் நகரவில்லை. வண்டி சாய்ந்தபோது காமிரா பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பத்து. சேர்ந்தது, உடனே நடுத்துண்டு நழுவியது, உடம்பை விட்டு என் பக்கம் நழுவியது.  என் உள்ளங்கை வேர்த்துச் சக்கரம் வழுக்கியது. எட்டு. ஆறு. அதற்குக் கீழே சக்கரம் போகாது. ஜன்னல் முழுக்க வெள்ளையாக எதுவோ அடைத்துக்கொண்டது.

"அம்மா!" என்று சங்கரன் கத்தினான்.

நிமிர்ந்தேன். கட்டில் காலி. மாசக்கணக்காக எழுந்திராதவள் வெறுங்காலோடு என் முன்னால் நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. எங்கள் அம்மை நிற்கிறாள் என்று நினைத்துவிட்டேன். பயத்தில் என் விரல் தானாக அழுத்திவிட்டது.

கொழும்பில் அதைக் கழுவி எடுத்தார்கள். எரித்த கிழவர் அச்சாக வந்திருக்கிறார், மீசை மயிர் எண்ணலாம். முதுகும் வந்திருக்கிறது, மூடிய கண்ணும் வந்திருக்கிறது. கடைசிப் படம் முழுக்கப் புகை. அந்தக் கிட்டத்தில் இந்தக் காமிராவுக்குக் கண் தெரியாது என்றார் மீரான் அண்ணாச்சி. முகத்தை நான் கொண்டு வரவில்லை.

ஆனால் அன்றைக்கு, அந்த முற்றத்தில், அக்கா கையை நீட்டி என் தாடையைப் பிடித்தாள். கன்னத்தைத் தடவினாள். சுருங்கிப் போன காது மடலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். அவள் கை கொதித்தது.

"அம்மா, தொட்டுட்டியா?" என்றான் சங்கரன். 

"தொட்டாச்சு."

"செத்தவுகளத் தொட்டா முழுகணுமே. இந்தக் காய்ச்சலோட எப்படிம்மா?"

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. என் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"கோமதி, வெந்நி போடு."

"சரி அத்தை."

"ரெண்டு பேருக்கும் போடு."